நோவடக்கியை அணைத்த மதியம்

சுடலைமணியின் வலது கால் நசுங்கி ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அவன் கட்டிலில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி ஒன்று சரிந்து விழுந்தபோதும் அவனுக்கு வலிக்கவில்லை. யாருக்குமே வலித்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்திருக்கும் உளுந்தளவு நோவடக்கி, வலி மூளைக்குப் போகும் வழியை மறித்துவிடும். சுடலைமணிக்கு அதைப் பிறந்த மூன்றாம் நாளே பதித்திருந்தார்கள்.

“கால் எப்படி இருக்கு தம்பி?” தலைமைச் செவிலி தபித்தாள் கேட்டாள்.

“ஜம்முன்னு இருக்கு சிஸ்டர். எப்ப வீட்டுக்கு விடுவீங்க?”

அவள் கட்டுத்துணியை விலக்கிக் கெண்டைக்காலைத் தொட்டாள். பலகையைத் தொட்டதுபோல் இருந்தது. தோல் இழுபட்டுப் பளபளத்தது. தலைமாட்டுக் காவல்திரையில் நாடி, ஆக்ஸிஜன் எல்லாம் பச்சை.

தசைகளைச் சுற்றியுள்ள உறைகள் விரிந்துகொடுக்காதவை. உள்ளே வீக்கம் ஏறினால் தசை இடமில்லாமல் நெரிபட்டுச் சாகும்; அதற்குள் உறையைக் கீறிவிட வேண்டும். அப்போதும் நாடி ஓடிக்கொண்டிருக்கும். முதலில் கூப்பாடு போடுவது வலிதான். ஐம்பத்து மூன்று வயது தபித்தாள், படிக்கிற காலத்தில் அந்தக் கூப்பாட்டைக் கேட்டவள்.

ஆரஞ்சை அவன் கையிலிருந்து வாங்கினாள். மயக்க மருந்து தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். கட்டை முழுவதும் அவிழ்த்து, தலையணையை உருவி, காலை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கிவிட்டு டாக்டர் நிகாரை அழைத்தாள்.

“திரை பச்சையா இருக்கே சிஸ்டர். அதை மீறி நான் எப்படிக் கத்தி வைக்கிறது?” நிகாருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

“தசைக்குள்ள ஊசி விட்டு அழுத்தம் பார்ப்போம் டாக்டர்.”

“அந்தக் கருவி மதுரையிலருந்து வரணும். நாலு மணி நேரம் ஆகும்.”

“அதுக்குள்ள கால் செத்துரும்.”

நோவடக்கியை அணைக்கப் பதித்துக்கொண்டவர் விரலால்தான் முடியும். பத்து எண்ணும்வரை அழுத்த வேண்டும். தபித்தாள் சுடலைமணியின் பக்கத்தில் உட்கார்ந்து, அதை அணைத்து வலி வந்தால்தான் டாக்டர் கத்தி வைப்பார் என்று சொன்னாள்.

“வலின்னா எப்படி சிஸ்டர் இருக்கும்?”

அவள் அவன் இடக்கையை எடுத்துக்கொண்டாள். “நான் கையப் பிடிச்சுக்கிடுதேன்” என்றாள்.

அவன் அழுத்தினான். பத்து எண்ணினான். பிறகு வார்டே நடுங்கும்படி அலறினான். “இது என்ன? சிஸ்டர், இது என்ன?” நெரிபட்ட தசை இழுபட்டால் வலி ஏறுகிறதா என்று பார்க்க, தபித்தாள் அவன் கால் கட்டைவிரலை மெல்ல மேலே வளைத்தாள். அலறல் உடைந்து விலங்கின் ஓலமாயிற்று. நிகார் சுவரோடு ஒண்டி நின்றாள். அவள் வாழ்நாளில் இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை.

“போதும்! தியேட்டருக்குக் கொண்டு போங்க!” என்று கத்தினாள்.

உறைகளை நீளக் கீறியதும் கருத்திருந்த தசை பிதுங்கி, மெல்லச் சிவந்தது. கால் பிழைத்தது.

மூன்றாம் நாள், திறந்தே விட்டிருந்த புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியபோது சுடலைமணியின் கண்கள் தூக்கமின்றிச் சிவந்திருந்தன. நோவடக்கியை அவனே அழுத்தி மறுபடி ஓடவிட்டிருந்தான்.

“தூங்கலியா தம்பி? வலிக்குதா?”

“வலிக்கல சிஸ்டர். அதான் பயமா இருக்கு.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அவள் சேலையைப் பிடித்தார். “எனக்குள்ளயும் அந்த மாதிரி ஏதாச்சும் கத்திக்கிட்டு இருக்குமோம்மா?” அன்று மாலைக்குள் வார்டிலிருந்த ஏழு பேரும் அதையே கேட்டார்கள். எல்லார் விரலும் காதுக்குப் பின்னால் இருந்தது. அழுத்தத்தான் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

வேலை முடிந்து உடைமாற்றும் அறைக்குப் போன தபித்தாள் தன்னுடையதை அழுத்திப் பத்து எண்ணினாள். முழங்கால்கள் முனகின. அது வயசுக்கு என்று விட்டுவிட்டாள். பிறகு, இடது விலாவுக்குக் கீழே, ஆழத்தில், ஏதோ கவ்விப் பிடித்துத் திருகியது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை மாதமாக?

சுவரைப் பிடித்துக்கொண்டே நிகாரின் அறைக்கு நடந்தாள்.

“டாக்டர், எனக்கு இங்க வலிக்குது.”

நிகார் எழுந்தாள். எழுதுபலகையை எடுத்தாள். நோயாளிப் படிவத்தை மேலிருந்து கீழ்வரை தேடினாள். வலிக்கு அதில் இடமில்லை.

“சிஸ்டர்,” என்றாள் தாழ்ந்த குரலில், “அடுத்து நான் என்ன கேக்கணும்?”