முந்திப் போகச் சொன்ன கை

சனிக்கிழமை காலை பல் டாக்டரும் அவர் மச்சினனும் பந்தயத் தடத்துக்கு வந்து சேர்ந்தபோது பனி விலகவில்லை. டிரெய்லரில் அவர்களுடைய சிவப்புக் கார். இரண்டு சீட், கூரை கிடையாது, டாக்டரைவிட வயதில் மூத்தது. வருஷமெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு இந்த இரண்டு நாள்தான் சொர்க்கம். இன்றைய பயிற்சி ஓட்டம் அவருக்கு, நாளைய பந்தயம் மச்சினனுக்கு என்று பங்கு.

கிளம்பும்போது மனைவி சொன்னது ஒன்றுதான். "எனக்குன்னு இருக்கிறது என் தம்பி ஒருத்தன். முழுசாக் கூட்டிட்டு வாங்க."

ஷெட்டில் பெட்ரோலும் சூடான எண்ணெயும் மணந்தன. மெக்கானிக் நண்பர் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "டாக்டர், போன வருஷம் மாதிரி ஆம்புலன்ஸுக்கெல்லாம் வழி விட்டுட்டு நிக்காதீங்க." எல்லோரும் சிரித்தார்கள்.

பழைய கார்ப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் மெதுவாகப் போகிறவர் கையை வெளியே நீட்டி, எந்தப் பக்கமாக முந்தலாம் என்று காட்டுவார். பின்னால் வருபவர் யோசிக்காமல் அந்தப் பக்கம் போவார். கையை நம்புவதுதான் இங்கே மரியாதை.

அன்றைய பயிற்சியின் கடைசிச் சுற்றில் டாக்டருக்கு முன்னால் பனிக்குள்ளிருந்து ஒரு பச்சைக் கார் முளைத்தது.

அதிலிருந்து சத்தமே வரவில்லை.

ஈர மண்ணும் கருகிய ரப்பரும் கலந்த நாற்றம் டாக்டரின் மூக்கில் ஏறியது. மரங்களை ஒட்டிய வளைவில், பச்சைக் காரிலிருந்து ஒரு கை மெதுவாக நீண்டது. இடது பக்கம் போ என்றது. டாக்டர் போகவில்லை. தைரியமெல்லாம் இல்லை, பயத்தில் கால் தானாகப் பிரேக்கில் ஏறிவிட்டது, அவ்வளவுதான். பிறகுதான் பார்த்தார். இடது பக்கம் தடமே இல்லை, சரிவும் மரங்களும்தான்.

பச்சைக் காரும் இல்லை.

ஓட்டம் முடிந்ததும் வளைவில் நின்ற கொடிக்காரரிடம் நடந்து போய்ப் பச்சைக் காரைப் பற்றிக் கேட்டார். கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"கை காட்டிச்சா?" என்றார் மெல்ல. "நீங்க போகல, தப்பிச்சீங்க. நாளைக்கு இந்தக் காரை எடுக்காதீங்க. அதுக்குக் காரைத்தான் தெரியும், ஆளைத் தெரியாது. யார் ஓட்டினாலும் மறுபடி கை காட்டும்."

இதை யாரிடம் சொல்வது? இல்லாத கார் கண்ணுக்குத் தெரிகிற ஆளை, ஓட்டுபவர்களைப் பரிசோதிக்கும் பந்தய மருத்துவர் இனி எந்த நாளும் ஓட்ட விடமாட்டார். நண்பர்கள் வேறு சாகும்வரை கேலி செய்வார்கள். தொண்டைவரை வந்ததை டாக்டர் விழுங்கினார். அது கோழைத்தனம் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

ஞாயிறு காலையும் அதே பனி. மச்சினன் ஹெல்மெட் வாரை இறுக்கினான்.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"பார்த்துப் போடா. யாராவது கை காட்டினா..."

"யோசிக்காம போயிடணும். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

நண்பர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"ஆமா," என்றார் டாக்டர்.

சிவப்புக் கார் பனிக்குள் போனது. மரங்கள் பக்கம் எஞ்சின் உறுமுவது கேட்டது.

பிறகு கேட்கவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தபோது மச்சினன் சரிவில், மரத்தடியில் கிடந்தான். டாக்டர் அவன் கழுத்தில் நாடியைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். மெக்கானிக்தான் அவரைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

உடலை ஏற்றிக்கொண்டு வண்டி போன பிறகு மனைவிக்கு ஃபோன் செய்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"என்னங்க, இவனை மட்டும் முன்னாடி அனுப்பிட்டீங்க? இப்பதான் வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. கூப்பிட்டா பேச மாட்டேங்கிறான். ஏழாவது மாடியில காத்து இந்த அடி அடிக்குது, பால்கனிக் கதவைத் திறந்துக்கிட்டு அங்க போய் நிக்கிறான்."

டாக்டர் உடலை ஏற்றிய வண்டி போன பாதையைத் திரும்பிப் பார்த்தார்.

"விளையாட்டைப் பாருங்க, கையை வெளிய நீட்டி, இந்தப் பக்கம் வான்னு காட்டுறான்." அவள் சிரித்தாள். "இருடா, வரேன்."

"போகாத!" என்று டாக்டர் அலறினார்.

ஃபோனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. அவளுடைய செருப்புச் சத்தம் நிதானமாகத் தள்ளிப் போனது. அதற்குப் பிறகு ஃபோனில் காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது.