பட்டி பூசிய கழுத்து

வாய் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் குரோம் மங்கலாக இருந்தது.

கன்னியப்பன் முதலில் அதைத் துரு என்றுதான் நினைத்தார். பழைய ஜாவா பைக், ஆறு வருஷம் மாட்டுக்கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்த வண்டி. பெட்ரோல் டாங்கின் இரண்டு பக்கத்துக் குரோம் தகடும் பாசி படிந்த குளத்துப் படி மாதிரிதான் வந்து சேர்ந்தன. பனியன் துணியில் பாலிஷ் பசையைத் தொட்டு மத்தியானம் பூராவும் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்ததில், ஷெட்டின் தகரக்கூரை தெரிந்தது, மூலையில் கம்ப்ரெசர் தெரிந்தது, தன்னுடைய நெற்றியும் மூக்கும் நரைத்த மீசையும் தெரிந்தன. மீசைக்குக் கீழே மட்டும் ஒரு பழுப்புப் புகை. அங்கேயே அழுத்தித் தேய்த்தார். போகவில்லை. தலையை ஒரு சாண் நகர்த்திப் பார்த்தார். புகையும் ஒரு சாண் நகர்ந்தது. கண்ணைக் காட்டி வேறு கண்ணாடி வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

ஒரகடம் கூட்டுரோட்டில் வண்டிக்குப் பெயிண்ட் என்றால் கன்னியப்பன்தான். இந்த வண்டியைக் கொண்டுவந்தது அவருக்கு மாப்பிள்ளையாக வரப்போகிற பிரசன்னா. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை. வண்டி அவன் அண்ணன் ரகுவுடையது. வாங்கி ஒரு மாசம்கூட ஆகாமல் வடக்குப்பட்டு ஏரி வளைவில் விழுந்து, இடது கால் நசுங்கிச் செத்துப்போனான் ரகு. அண்ணன் ஞாபகமாக வண்டியைப் புதுசாக்கி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் தாலி கட்டின கையோடு இசைவாணியை அதில் கூட்டிப் போக வேண்டும் என்பது பிரசன்னாவின் ஆசை. மாப்பிள்ளை கேட்டு மாட்டேன் என்று சொல்லும் மாமனார் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அதிலும் இசைவாணி தாயில்லாமல் வளர்ந்த ஒரே மகள். ஆடி மாசம் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் கையில் நிறைய நாளும் இருந்தது.

டீ குடித்துவிட்டு வந்து டாங்கைக் கவிழ்த்துப் போட்டார். அடிப்பக்கம், யார் கண்ணும் படாத மூலையில், மஞ்சள் பெயிண்டில் ஒரு பிள்ளையார் சுழி இருந்தது. வால் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்த சுழி. அடித்து முடிக்கிற ஒவ்வொரு வண்டியிலும் அவர் போடுகிற சுழி.

கன்னியப்பன் சுழியை விரலால் தடவிப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தைந்தில், ஒரு புரோக்கர் கொண்டுவந்த ஜாவா இது. ஹேண்டில்பாரைத் தாங்கும் கழுத்தில், சட்டம் வந்து சேரும் இடத்தில், முடி அகலத்துக்கு ஒரு விரிசல் இருந்தது. வெல்டிங் வைக்க வேண்டும், நாலு நாள் ஆகும் என்று இவர் சொல்ல, ஆடி பிறக்க மூன்று நாள்தான் இருக்கிறது, பிறந்துவிட்டால் பார்ட்டி வண்டியைத் தொடமாட்டான் என்று புரோக்கர் குதித்தான். இவர் விரிசலுக்குள், பெயிண்டுக்கு முன் மேடுபள்ளம் அடைக்கிற பட்டியை வைத்து அழுத்தி, காயவிட்டு, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, மேலே மெரூன் அடித்துவிட்டார். அந்த ஆத்தாளே வந்து தடவினாலும் தெரியாது என்று சிரித்ததுகூட ஞாபகம் இருந்தது. வாங்கினவன் யார் என்று அப்போது கேட்கவில்லை. அப்புறமும் கேட்கவில்லை.

சட்டத்தைத் தனியாகப் பிரித்துச் சாக்கில் சுற்றி, பஸ் கூரையில் போட்டு, சிங்கப்பெருமாள் கோவிலில் பட்டறை வைத்திருக்கும் எல்லப்பனிடம் கொண்டுபோனார். விழுந்ததில் உடைந்தது என்று சொன்னார். எல்லப்பன் பாதி பிளந்திருந்த கழுத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது வுழுந்து ஒடஞ்சது இல்லண்ணே. உள்ள பாரு, பழைய பட்டி கீது. எவனோ தெரிஞ்சே மூடிக்கிறான். ஆரு அவன்?"

"தெரியாது" என்றார் கன்னியப்பன்.

சொன்ன உடனே நாக்கில் சுண்ணாம்பும் தின்னரும் கலந்த ஒரு ருசி வந்தது. பட்டியின் ருசி. கடையில் சோடா வாங்கிக் கொப்பளித்தும் அது போகவில்லை. எல்லப்பன் என்னவோ யானை ஏறினாலும் தாங்குகிற மாதிரி வெல்டிங் வைத்துக் கொடுத்தான். பிழை சரியாகிவிட்டது, இனி சொல்லி என்ன ஆகப் போகிறது என்று பஸ்ஸில் வரும்போது மனசைத் தேற்றிக்கொண்டார்.

மெரூன் அடிக்க வேண்டிய நாள் வந்தது. ஆடிக் காற்றில் ஒரு தூசு ஒட்டினாலும் வேலை பாழ் என்பதால், வழக்கம்போல் ஷெட்டின் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, சந்துகளில் ஈரச் சாக்கை அடைத்து, சிமெண்டுத் தரையில் நாலு வாளி தண்ணீரை ஊற்றிப் பரப்பினார். உள்ளே தின்னர் நெடி கண்ணைக் கரித்தது. வெளியே காற்று தகரத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. கம்ப்ரெசர் படபடவென்று ஓட, ஸ்ப்ரே கன் சீறச் சீற, சட்டத்தின் மேல் மெரூன் பட்டுத்துணி மாதிரி இறங்கியது. அந்தச் சீறலுக்கு நடுவே ஈரத் தரையில் சளக், சளக் என்று இன்னொரு சத்தம் கேட்டது. ஒன்று எடுத்து வைப்பது. ஒன்று இழுபடுவது.

கன்னை நிறுத்தினார். சத்தமும் நின்றது.

தரை முழுக்கத் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவே பாதங்கள். காய்ந்த பாதங்கள். அடுப்புச் சூடு பட்டதுபோல் அந்த இடங்களில் மட்டும் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. வலது கால் முழுசாக. இடது கால் ஒரு கோடாக இழுபட்டு. தாழ் போட்ட கதவிலிருந்து புறப்பட்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தன. கடைசி இரண்டும் அவருடைய குதிகாலை ஒட்டி.

அவர் திரும்பவில்லை. பக்கவாட்டிலேயே நகர்ந்து, கதவைத் திறந்து, வெயிலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பத்திரிகை வைத்துவிட்டுப் போகும் வழியில் சம்பந்தியம்மா மீனம்மாள் ஷெட்டுக்கு வந்தாள். பிரசன்னாவையும் ரகுவையும் பெற்றவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வண்டியின் கழுத்தைத் தொடாமல், கையை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரோடு நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே. எதிர்லயும் ஒண்ணும் வரல. ஆறு வருசமா இதே ரோசனதான். வண்டி ஒடஞ்சி எம்புள்ள வுழுந்தானா, அவன் வுழுந்து வண்டி ஒடஞ்சிதா? நீங்க தொழில் தெரிஞ்சவரு, சொல்லுங்க."

இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். அண்ணனைக் கொன்றவன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

"வுழுந்ததுலதாம்மா ஒடஞ்சிது" என்றார். உதடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

அவள் போன பிறகு பார்த்தார். காய்ந்து பளபளத்த மெரூனில், வெல்டிங்குக்கு மேலேயே, முடி அகலத்துக்கு ஒரு கோடு.

தேய்த்தார். மறுபடி பிரைமர் வைத்தார். மறுபடி அடித்தார். காலையில் கோடு ஒரு விரற்கடை நீண்டிருந்தது. மூன்று தடவை. எல்லப்பன் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்து, கணீரென்று கீது, கோடே இல்லை, உனக்குத்தான் கண் சரியில்லை என்று போய்விட்டான். கோடு கன்னியப்பனுக்கு மட்டும் தெரிந்தது. டாங்கின் குரோமில் புகை இப்போது மூக்கு வரை ஏறியிருந்தது. அதற்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை. மீனம்மாளிடமோ, பிரசன்னாவிடமோ, ஒரே ஒரு வார்த்தை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மகளிடம் மட்டும், அந்த வண்டியில் ஏறாதே என்று சொன்னார். ஏன் என்று அவள் கேட்டாள். மருதாணிக் கையோடு நிமிர்ந்து பார்த்த அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பட்டுப்புடவை சைலென்சரில் பட்டுவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"இழுத்து சொருவிக்கிறேம்பா" என்று சிரித்தாள் இசைவாணி.

ஆவணி வெயில். தாலி கட்டி முடித்து மாலையும் கழுத்துமாக இருவரும் ஷெட்டுக்கு வந்தார்கள். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குரோமும் மெரூனும் அப்படி மின்னின. மாமா கை வைத்தால் கை வைத்ததுதான் என்று பிரசன்னா எல்லோரிடமும் பெருமை பேசினான். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. இசைவாணி புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. கழுத்தில் இருந்த கோடு திறந்தது. உதடு பிரிகிற மாதிரி. உள்ளே வெள்ளைப் பட்டி. இன்னும் ஈரமாக.

இறங்கு.

கத்தினார். சத்தம் வரவில்லை. வாயைத் திறந்தார். திறக்கவில்லை. பின்னால் யாரோ காலை இழுத்து இழுத்து வந்து, அவர் குதிகாலை ஒட்டி நின்றார்கள். கன்னியப்பன் கையை முகத்துக்குக் கொண்டுபோனார். மீசைக்குக் கீழே விரல் வழுக்கிக்கொண்டு போனது. மேடு இல்லை. பள்ளம் இல்லை. காயவிட்டு, வாட்டர் பேப்பர் போட்டு, நிதானமாகத் தேய்த்த வேலை.

வண்டி திரும்பும்போது டாங்கின் குரோம் ஒரு நொடி அவருக்கு நேராக நின்றது. இன்றைக்கு அதில் புகையே இல்லை. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. நெற்றி, கண், மூக்கு, மீசை, அதன் கீழே மோவாய் வரைக்கும் வழவழவென்று ஒரு கோடுகூட இல்லாத சதை. இசைவாணி திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். வண்டி வடக்குப்பட்டு ரோட்டில் ஏரி வளைவைப் பார்த்துப் போனது.