ஒஸ்டினின் பச்சை வயர்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்வதற்குள் யோகநாதனை ஆமிக்காரர் இரண்டு இடங்களில் பஸ்ஸை விட்டு இறக்கிச் சோதித்தார்கள். தமிழன் ஒருவன் பை நிறைய வயரும் குறடுமாகத் யுத்த காலத்துக் கொழும்பில் திரிவது சின்ன விஷயமா? கார் வயரிங் வேலை செய்கிறவன் என்று விளங்கப்படுத்துவதற்குள் அவனுக்கு நாக்கு வறண்டுபோயிற்று.

கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் கடைசி வீடு. உப்புக்காற்றில் கேற் துருவேறிக் கிடந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. முன்கூரையின் கீழே சாம்பல் நிறத்தில் பழைய ஒஸ்டின் கார் ஒன்று நின்றது.

"பிறேக்கில கால் வைச்சா எஞ்சின் நிண்டுபோகுது, தம்பி," என்றாள் வீட்டுக்காரி ஜெகதீஸ்வரி. ஐம்பதைத் தாண்டியவள். கண்களின் கீழே கருவளையம். "பியூஸை மாத்தி, கைப்பிறேக்கில நிப்பாட்டித்தான் ஓடித் திரியிறன். முந்தாநாள் செக்பொயின்ற்றில அவசரத்தில காலால மிதிச்சிட்டன், நிண்டிட்டுது. நாலு பக்கத்தாலயும் துவக்கை நீட்டிக்கொண்டு வந்தவங்கள். இன்னொருக்கா அப்பிடி நிண்டா சுட்டுப்போடுவாங்கள்."

"இதை வித்துப்போட்டு ஓட்டோவில போகலாமே அக்கா?"

"அவர் வந்தா முதல் காரைத்தான் கேப்பார்."

யோகநாதன் பையைத் திறந்து குறட்டை எடுத்தான். கதை அவனுக்கும் தெரியும். அவளுடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராசா ஒருநாள் பின்னேரம் மருந்து வாங்க இந்தக் காரில்தான் போனார். திரும்பி வரவில்லை. மறுநாள் கார் மட்டும் பேலியகொடையில், மீன் சந்தைக்கும் அப்பால் ஆற்றங்கரையில் நின்றது. யார் மறித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து அவளே காரை ஓட்டிக்கொண்டு இராணுவ முகாம் ஒவ்வொன்றாகத் தேடித் திரிகிறாள்.

பொனற்றைத் திறந்து வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். ஒரு பியூஸ் எரிந்திருந்தது. புதிதைப் போட்டு அவளை ஸ்ராட் பண்ணச் சொன்னான். எஞ்சின் பிசிறில்லாமல் ஓடியது.

"இப்ப பிறேக்கை மிதியுங்கோ."

மிதித்தாள். எஞ்சின் செத்தது. பியூஸ் மறுபடியும் எரிந்திருந்தது.

எஞ்சினுக்கு நெருப்புப்பொறி கொடுக்கும் கொயிலுக்கும் பிறேக் விளக்குக்கும் அந்த ஒரே பியூஸிலிருந்து மின்சாரம் போவதை அவன் அப்போதுதான் கவனித்தான். கொம்பனி அப்படிச் செய்திருக்காது.

"ஆரக்கா இந்த வயரை இப்பிடி மாத்தினது?"

"அவர்தான். லீவெண்டா இதுக்குள்ளதான் கிடப்பார். இந்தக் காரின்ர ஒவ்வொரு வயரும் அவருக்குப் பாடம்." அவள் காரை விட்டு இறங்கினாள். "இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

பிறேக் விளக்குக்குப் போகும் பச்சை வயர் எங்கேயோ தோலுரிந்து காரின் தகரத்தில் முட்டுகிறது. அதுதான் கோளாறு. பற்றரியின் வயரைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு யோகநாதன் காரின் பின்பக்கம் போனான்.

பிறேக் விளக்குகள் மங்கலாகச் சிவந்து எரிந்தன.

"காலை எடுங்கோ அக்கா," என்றான்.

"என்ன தம்பி?" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவன் எட்டிப் பார்த்தான். காருக்குள் ஒருவரும் இல்லை.

பற்றரி வயர் கழற்றியபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

விளக்குகள் அணைந்தன. மறுபடி எரிந்தன. மறுபடி அணைந்தன. மூச்சு முட்டுகிறவன் நெஞ்சு ஏறி இறங்குவது போல.

போய்விடலாமா என்று யோசித்தான். ஆனால் இந்தக் காரை இப்படியே விட்டால் நாளைக்கோ மறுநாளோ அவள் ஒரு துப்பாக்கியின் முன்னால் போய் நிற்பாள். நல்லூர்க் கந்தனை மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டு டிக்கியைத் திறந்தான்.

உள்ளே வெறுமை. சேற்று வாடை மட்டும் குப்பென்று அடித்தது. ஆற்றுச் சேறு. பக்கத்து அட்டையை விலக்கி டோர்ச்சைப் பிடித்தான். பச்சை வயர் இருந்த இடத்திலிருந்து வெளியே இழுக்கப்பட்டு, தோல் உரிந்து, செம்பு தெரிய, ஒரு தகர விளிம்பில் இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது.

எலி என்றுதான் முதலில் நினைத்தான். எலி கடிக்கும், சுற்றிக் கட்டுமா?

வயரின் ரப்பரில் பல் தடம் இருந்தது. அகலமான பல்.

டோர்ச் வெளிச்சத்தை மேலே உயர்த்தினான். டிக்கி மூடியின் உட்புறத்தில், பெயின்ற் உரியுமட்டும், விரல் நகங்கள் கீறிய கோடுகள்.

யோகநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மனிதரை அவருடைய காரின் டிக்கியிலேயே போட்டு மூடிக் கொண்டுபோயிருக்கிறார்கள். இருட்டுக்குள் கிடந்தபடி அவர் பச்சை வயரைத் தேடிப் பிடித்து, பல்லால் உரித்து, தகரத்தில் சுற்றியிருக்கிறார். பிறேக்கை மிதித்தால் பியூஸ் எரிந்து கார் நிற்கும். செக்பொயின்ற்றில் நின்றால் யாராவது டிக்கியைத் திறப்பார்கள்.

கணக்குப் பிழைக்கவில்லை. கார் நின்றது. ஆனால் அவர் வயரைச் சுற்றி முடிப்பதற்குள் வழியிலிருந்த செக்பொயின்ற்றுகளெல்லாம் கடந்துபோயிருக்க வேண்டும். அதன் பிறகு அவர்கள் முதலில் பிறேக்கை மிதித்தது ஆற்றங்கரையில்தான்.

"எலியோ தம்பி?"

தேத்தண்ணிக் கோப்பையோடு ஜெகதீஸ்வரி பின்னால் நின்றாள்.

"ஓம் அக்கா. எலிதான்."

அவள் டோர்ச் வெளிச்சம் விழுந்த இடத்தையே பார்த்தாள். கோப்பையைத் தட்டோடு நிலத்தில் வைத்தாள். கையை நீட்டி அந்தக் கீறல்களைத் தடவினாள். அழவில்லை.

"நான் முதலே பாத்தனான்," என்றாள் மெதுவாக. "நீங்கள் எலியெண்டு சொன்னது நல்லம். வேலையைச் செய்யுங்கோ."

பழைய வயரை வெட்டி எடுத்தான். புதிய வயரைப் பின் இருக்கைக்குக் கீழால் டிக்கிக்குள் தள்ளினான். மறுமுனையைப் பிடிக்க அங்கே ஒருவரும் இல்லை.

வயர் இறுகியது.

எங்கேயோ சிக்கிவிட்டதென்று மெல்ல இழுத்தான். மறுபக்கமிருந்தும் மெல்ல இழுபட்டது.

அவன் அசையவில்லை.

இருக்கைக்குப் பின்னாலிருந்து, நீருக்குள் நின்று பேசுவது போல, ஒரு குரல்.

"மிதி... பிறேக்கை மிதி..."

யோகநாதனின் உதடுகள் மட்டும் அசைந்தன. "ஐயா... நீங்கள் கட்டின வயராலதான் அக்காவைச் சுடப் பாத்தவங்கள். விடுங்கோ. அக்காவுக்காக விடுங்கோ."

வயர் இன்னும் ஒருமுறை இறுகியது. பிறகு வயர் தளர்ந்தது.

மிச்ச வேலையை எப்படி முடித்தானென்று அவனுக்கே தெரியாது. கொயிலுக்குத் தனி வயரும் தனிப் பியூஸும் கொடுத்தான். ஸ்ராட் பண்ணி மிதித்துப் பார்த்தார்கள். எஞ்சின் நிற்கவில்லை.

"காலி வீதி பஸ் ஹோல்ட்டில இறக்கிவிடுறன், ஏறுங்கோ," என்றாள். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முன்சீற்றில் ஏறிக்கொண்டான்.

பொழுது சாய்ந்துவிட்டது. மின்வெட்டு வேறு. செக்பொயின்ற் மண்மூட்டைகளுக்கு அருகில் சிப்பாய் ஒருவன் கையைக் காட்டினான். அவள் பிறேக்கை மிதித்தாள். கார் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

சிப்பாய் டிக்கியைத் திறக்கச் சொன்னான். அவள் டிக்கிச் சாவியை நீட்டினாள்.

டிக்கி திறபடும் சத்தம் கேட்டது.

சிப்பாயின் சப்பாத்துகள் ஓரடி பின்வாங்கின.

"எண்ட மஹத்தயா," என்றான் சிப்பாய் சிங்களத்தில். வாங்கோ ஐயா என்று, நோயாளியை அழைப்பது போல அவ்வளவு மெதுவாக. "பய வென்ன எபா. எண்ட." பயப்படாதேங்கோ, வாங்கோ.

ஓர் ஆள் இறங்கியது போலக் காரின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது.

டிக்கி மூடியது. சிப்பாய் சாவியைத் தர யன்னலருகே வந்தான். மீசை சரியாக முளைக்காத வயது. அவனுடைய உள்ளங்கை முழுவதும் ஆற்றுச் சேறு. அதைப் பார்ப்பதும், ஒன்றுமே இல்லாத வீதியைப் பார்ப்பதுமாக நின்றான். எதையோ கேட்க வாயெடுத்தான்; பற்கள் கிட்டிக்கொண்டன. போகச் சொல்லிக் கையை மட்டும் அசைத்தான்.

அவள் காரை எடுப்பதற்கு முன்னால் பின்கதவு திறந்தது. பின்சீற் ஸ்பிறிங்குகள் முனகின. கதவு சாத்திக்கொண்டது.

யோகநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்ப மறுத்துவிட்டது. ஹோல்ட்டைத் தாண்டிக் கார் போய்க்கொண்டிருப்பதையும் அவன் சொல்லவில்லை.

ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அவ்வளவு நாளும் இல்லாத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்திருந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள், மனைவி கணவனைக் கூப்பிடுகிற குரலில். "வீட்ட போவமே?"

யோகநாதனின் தோளுக்குப் பின்னால், சீற்றின் விளிம்பை நகமில்லாத விரல்கள் பற்றிக்கொண்டன.