பிறந்த தோல்

மத்தியானத் தூக்கத்திலிருந்து மோனிகா கண் விழித்ததும் பயத்தமாவு வாசனை வந்தது. அந்த அறையில் வரக்கூடாத வாசனை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அங்கே களிம்பும் மருந்துத் துணியும்தான் மணந்தன. பக்கத்தில் துழாவினாள். மெத்தை இருந்தது. பிள்ளை இல்லை.

வெளியே ஆடிக்கிருத்திகைக் கூட்டம். பம்பையும் உடுக்கையும் அரோகராவும் மலையடிவாரம் வரை தெருவை நிறைத்து, ஜன்னல் கம்பியை நடுங்க வைத்து, வீட்டுக்குள் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பிரித்தறிய முடியாதபடி அடித்துக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு அடியில், பின்பக்கம், தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம்.

பிறக்கும்போதே பிள்ளையின் முழங்காலில் தோல் இல்லை. "தேய்க்கவே கூடாது. தொட்டா தோல் கையோட வந்துடும்," என்று டாக்டரம்மா சொன்னபோது புருஷன் கஜபதியும் தலையாட்டினான். "இது ரெண்டு பேர் பக்கமிருந்தும் வந்தது. சொந்தத்துல கட்டினதால சேர்ந்துடுச்சு," என்றும் அவளே சொன்னாள்.

கஜபதியின் அம்மா நிர்மலா, மோனிகாவுக்குச் சொந்த அத்தை. திரும்பும்போது ஆட்டோவில் ஏறியதும், "எங்க வம்சத்துல ஏதுடி நோயி? முழுகாம இருக்கறப்போ கிரகணத்துல போயி நின்னவ நீ," என்றாள். அது இன்னும் நெஞ்சில் எரிந்தது.

எழுந்து ஓடினாள். வயிற்றுத் தையல் இழுத்தது. கூடத்து ஜன்னலில் நின்று கஜபதி தெருவில் போகும் காவடியைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாவா! புள்ள எங்க?"

"அம்மா குளிப்பாட்டிகினு இருக்குது. சாயங்காலம் சொந்தக்காரங்க வராங்க இல்ல?"

"டாக்டர் சொன்னத நீயும்தானே கேட்ட!"

"கத்தாத. மூணு புள்ள வளத்தவங்க அவங்க. நீ பெரிசா கண்டுட்டியா?"

குளியலறைக் கதவு உள்ளே தாழ். அறைந்தாள். உதைத்தாள். பம்பை அவள் குரலைத் தின்றது.

"அத்த! கதவத் தொற! உன்ன கொன்னுடுவேன்!"

"இருடி, ஆச்சு." பாசமான குரல். "மேல எல்லாம் பொறந்த அழுக்கு. தேச்சு எடுத்தா உள்ள பளபளன்னு இருக்குது."

தெருவில் பம்பை நின்றது.

அழுகை இல்லை.

உள்ளங்கை தேய்க்கும் சத்தம் மட்டும். சரக். சரக்.

கதவுக்கடியில் தண்ணீர் கசிந்து வந்தது. மாவு கலந்து மஞ்சளாய். பிறகு சிவப்பாய். அதில் வெள்ளையாய், மெல்லிசாய் ஏதோ மிதந்து வந்து அவள் கால்விரலில் முட்டி நின்றது. வெங்காயச் சருகு போல.

குனிந்தாள்.

அதற்கு ஐந்து விரல்கள் இருந்தன.

"பாத்தியா மோனி," உள்ளே அத்தை சிரித்தாள். "எவ்ளோ சமத்து. அழவே இல்ல."

மறுபடியும் தண்ணீர் மொள்ளும் சத்தம்.