முத்திரை உடையாத பெட்டிக்குள் மழை

1983ஆம் ஆண்டின் மாசி மாதத்து விடிகாலை ஒன்றில், தெல்லிப்பழையில் வசித்த ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி தியாகராசாவின் படலையைத் திறந்துகொண்டு குருநகரைச் சேர்ந்த யோசப்பின் என்ற பெண் உள்ளே வந்தார். வணக்கம் கூறுவதற்கும் அவரிடம் பொறுமை இருக்கவில்லை.

"ஐயா, என்னைக் கள்ளி எண்டு சொல்லிப்போட்டினம்!"

தியாகராசா கதிரையைக் காட்டினார். அவருடைய நண்பரும், சைக்கிள் கடை உரிமையாளரும், துப்பறிவதில் அடங்காத ஆர்வம் உடையவருமான செபநாயகமோ இருந்த கதிரையைவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

கடலட்டை என்னும் கடலுயிரியை அவித்து ஏற்றுமதிக்குக் காயவைக்கும் குருநகர்ப் பெண்களுக்கு யோசப்பினே தலைவி. முன்னர் அவர்களுடைய சாக்குகள் லொறியில் ஏறி, கொழும்புக் களஞ்சியத்தில் இறங்கி, மீண்டும் ஏறி, கப்பலின் வயிற்றுக்குள் இறங்கும். கைகள் மாறமாறச் சாக்குகள் இளைத்துக்கொண்டே போகும். ஆகையால் கடற்றொழிலாளர் சங்கம் முதன்முறையாக ஓர் இரும்புக் கொள்கலனை வரவழைத்தது. குருநகரில் பூட்டி முத்திரையிட்டால் அது சிங்கப்பூரில்தான் திறக்கப்படும். ஆனால் இழுத்துச் செல்லவேண்டிய வாகனம் பழுதடைந்தமையால், பூட்டிய பெட்டி ஒரு வாரம் சங்க முற்றத்து வெயிலில் நின்றது. நேற்று ஏற்றுமதி முகவர் ஐயுற்றுத் திறப்பித்தபோது சாக்குகள் நனைந்திருந்தன. திறக்கும்வரை முத்திரையோ போட்டது போட்டபடியே இருந்தது.

"நிறை கூட்ட நான் தண்ணி தெளிச்சுப் பூட்டினனானாம். இண்டைக்குப் பின்னேரம் சங்கம் கூடி என்னை நிப்பாட்டப் போகுது. அப்பிடி நடந்தா எங்கடை பெண்டுகளின்ரை அட்டையை இனி ஒருத்தரும் தொடமாட்டினம், ஐயா."

"மழை பெய்ததோ?"

"தை பிறந்த பிறகு ஒரு துளியும் இல்லை."

"அண்ணை, பிடிச்சிட்டன்!" என்றார் செபநாயகம். "லொறிக்கார முத்துக்குமாரு! பெட்டி வந்தா அவரின்ரை பிழைப்புப் போச்சு. கூரையிலை துளை போட்டு ஊத்தியிருக்கிறார்!"

"முதலிலை துளையைப் பிடிப்பம், செபநாயகம். ஆளைப் பிறகு பிடிக்கலாம்."

வெயில் ஏறுமுன் அவர்கள் சங்க முற்றத்தை அடைந்தபோது, தலைவர் கிறிஸ்துநாயகமும் முகவரும் மீண்டும் மூடிவைத்த பெட்டியருகில் நின்றனர். முத்துக்குமாருவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

"பெட்டியை ஆசீர்வதிச்சுப் பாதர் தெளிச்ச தீர்த்தம் உள்ளுக்கை பெருகிப்போச்சாக்கும்!" என்று அவர் நகைத்தார். "என்ரை லொறியிலை ஏத்தியிருந்தா காத்தோட்டமாப் போய்ச் சேர்ந்திருக்கும்."

தியாகராசாவின் வேண்டுகோளின்படி செபநாயகம் பெட்டிக்குள் நுழைந்தார். கதவு சாத்தப்பட்டது.

"வெளிச்சம் எங்கையெண்டாலும் தெரியுதோ?"

"ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை! அண்ணை, திறவுங்கோ, ஆரோ என்ரை தலையிலை துப்புறாங்கள்!"

வெளியே வந்தவரின் வழுக்கைத் தலையில் இரண்டு நீர்த்துளிகள் மின்னின. முற்றமே சிரித்தது. தியாகராசா மாத்திரம் சிரிக்காமல் உள்ளே சென்றார். கூரையின் உட்புறத்தை விரலால் வழித்து நாவில் வைத்தார். பின்னர் முற்றத்துக் கிணற்று நீரையும் வரவழைத்துச் சுவைத்தார். மேற்சாக்குகள் ஈரமாயிருந்தன. அடிச்சாக்கு ஒன்றை இழுப்பித்து அவிழ்த்தபோது, அதிலிருந்த அட்டைகள் கல்லைப்போல் காய்ந்திருந்தன. சாக்கு அடுக்குகளுக்கும் இரும்புச் சுவருக்கும் இடையில் வாழைக்குற்றிகள் வதங்கிச் சுருங்கிக் கிடந்தன.

"உந்தக் குற்றியளை ஆர் வைச்சது?"

"நான்தான்," என்று தலைவர் பெருமையுடன் கூறினார். "பெட்டி நிரம்பேல்லை. சாக்கு ஆடக்கூடாதெண்டு நீர்வேலித் தோட்டத்திலையிருந்து பச்சைக் குற்றியா இறக்கிச் செருகினனான். லொறிக்கு நாங்கள் எப்பவும் உப்பிடித்தானே செய்யிறது."

தியாகராசா அனைவரையும் அருகில் அழைத்தார்.

"கூரையிலை துளை இல்லை. கிணத்துத் தண்ணியோ கடல் தண்ணியோ வாளியாலை ஊத்தியிருந்தா உப்புக் கரிக்கும். கூரைத் தண்ணியிலை உப்பே இல்லை. அதாலை முத்துக்குமாரு தப்பினார். நிறை கூட்ட நனைக்கிறவ அடிச்சாக்கை விட்டுவைப்பாவோ? அதாலை யோசப்பினும் தப்பினா."

"அப்ப தண்ணி எங்கையிருந்து வந்தது?" என்று முகவர் வினவினார்.

"வாழைக்குற்றியிலை முக்காற்பங்கும் தண்ணிதான். பகல் வெயில் இரும்பைக் காய்ச்ச, அந்த ஈரம் ஆவியாய் எழும்பும். இரவு மாசிப் பனியிலை கூரை குளிர, ஆவி துளியாய்ச் சொட்டும். லொறியெண்டா காத்து அதைக் கொண்டுபோயிடும். இது மூடின சோத்துப்பானை. லொறிக்குச் சரியான பழக்கம் பெட்டிக்குப் பிழைச்சுப்போச்சு, தலைவர்."

கிறிஸ்துநாயகத்தின் முகம் சிவந்தது. "அப்ப... கள்ளன் நானோ?"

"கள்ளன் இல்லை. நனைச்ச ஆள் மாத்திரம் நீங்கள்தான்!" என்று செபநாயகம் முந்திக்கொண்டார்.

முகவர் ஓர் ஈரமான அட்டையை முகர்ந்து பார்த்தார், கெட்டுவிடவில்லை. மறுபடி காயவைத்தால் அடுத்த கப்பலில் ஏற்றுவதாக உறுதியளித்தார். தலைவர் யோசப்பினுக்கு முன் கைகூப்பினார்.

"பிழை என்ரைதான் பிள்ளை. நீதான் தலைவியா நிக்கோணும். ஆனா குற்றி இல்லாமல் அந்த இடைவெளியை என்னத்தாலை நிரப்புறது?"

யோசப்பின் பெட்டிக்குள் ஏறி, வெறுமையான இடத்தில் நின்று இரு கைகளையும் அகல விரித்தார்.

"அட்டையாலை நிரப்புங்கோ. பக்கத்துப் பாசையூர்ப் பெண்டுகளும் எங்களோடை சேரக் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம். நீங்கள்தான் இடமில்லை எண்டு சொன்னனீங்கள்."

தலைவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, முதலாவது வாழைக்குற்றியைத் தோளில் ஏற்றி வெளியே நடந்தார்.