கொக்கி போட்ட கதவு

வாருங்கள், வாசகர்களே, ஒரு குளியலறைக் கதவின் முன்னால் வந்து நில்லுங்கள். உள்ளே இருப்பவரின் மானம் காக்க உட்பக்கம் தாழ்ப்பாள் வைப்பது உலக வழக்கம். இந்தக் கதவுக்கோ வெளிப்பக்கத்திலும் ஒரு கனத்த இரும்புக் கொக்கி. யாரைக் காப்பதற்கு? யாரிடமிருந்து? ஒரு கட்டடம் முழுவதும் இந்தக் கேள்வியைக் கேட்காமலே குடியிருந்தது. அந்த அநியாயத்துக்கு இனி நீங்களும் சாட்சி.

பொய்முடி கட்டும் தொழில் செய்த மூத்தவள் அந்தக் கதவை முதன்முதலில் பார்த்தது ஒரு மாலைப் பொழுதில். ராட்சத ராட்டினங்களும் நாடக அரங்குகளும் விளக்கு வெள்ளத்தில் மிதக்கும் பொழுதுபோக்கு நகரத்தில் அவளுக்கு வேலை. ஆயிரம் தலைகளுக்கு முடி கட்டினாள். தன் தலைக்கு மேல் ஒரு கூரை அமையவில்லை. நகரத்தை ஒட்டிய வீடுகள் கைக்கு எட்டவில்லை. கைக்கு எட்டிய வீடுகளுக்கோ, பொழுது சாய்ந்தால் பெண்கள் நடக்க அஞ்சும் பாதை. கூடவே தங்கை வேறு. படிப்பை முடித்து வேலை தேட வந்தவள். "அவளைப் பத்திரமா வெச்சுக்கிறேம்மா" என்று தாயிடம் வாக்குக் கொடுத்து அழைத்து வந்திருந்தாள்.

"இதைவிடப் பத்திரமான வீடு எங்க தேடினாலும் கிடைக்காதும்மா," என்றார் தரகர். "குடியிருக்கிறவங்க எல்லாம் உங்க நகரத்து ஆளுங்கதான். சுவரும் மெல்லிசு. நீங்க பெருமூச்சு விட்டாக்கூட அடுத்த வீட்டுல என்னன்னு கேப்பாங்க."

"இந்தக் கொக்கி எதுக்கு?"

"காத்துக்குக் கதவு அடிச்சுக்கும். அதுக்குத்தான்." அவருடைய பார்வை கொக்கியைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போய் வந்தது.

"வாடகை ஏன் இவ்வளவு கம்மி?"

"நல்லா இருக்கும்மா! கூட கேட்டாலும் சண்டை, குறைச்சாலும் சந்தேகமா?"

தங்கை சிரித்துவிட்டாள். மூத்தவள் சாவியை வாங்கிக்கொண்டாள். குளியலறையில் மட்டும் ஒப்பனைப் பூச்சின் வாசம் கனத்துக் கிடந்தது, யாரோ இப்போதுதான் முகம் கழுவிவிட்டுப் போனதைப் போல.

அந்தக் கட்டடத்துக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. எல்லாரும் வீட்டிலேயே ஒத்திகை பார்ப்பார்கள். ஒருவர் வசனம் முழங்குவார். ஒருத்தி விம்மி அழுவாள். நன்றாக இருந்தால் சுவருக்கு இப்பாலிருந்து கைதட்டுவார்கள். கலைஞர்கள் கலைஞர்களுக்குச் செய்த மரியாதை அது.

குடிவந்த சில நாளில், வெளிச்சம் மங்கிய வேளையில், ஒரு பெண் குரல் எழுந்தது.

"கதவைத் திறங்க..."

தாழ்ந்து தொடங்கியது. மூச்சு முட்டியது. உடைந்தது.

"யாராவது கதவைத் திறங்க..."

உயிரை உலுக்கும் நடிப்பு! மூத்தவள் மனமாரக் கைதட்டினாள்.

வேறு எந்தச் சுவரிலிருந்தும் கைதட்டல் வரவில்லை.

மறுநாள் படிக்கட்டில் எதிர்வீட்டு மீசைக்காரரை மடக்கினாள். மேடையில் அவர் ஈவிரக்கமற்ற வில்லன். வீட்டில் கரப்பான் பூச்சியைக் கண்டால் மனைவியைக் கூப்பிடுகிறவர்.

"அண்ணே, நேத்து அழுதது யாரு? பிரமாதமா நடிச்சாங்க."

மீசைக்காரரின் முகம் வெளிறியது. "கைதட்டினது நீதானா? இனிமே தட்டாதேம்மா."

"ஏண்ணே?"

அவருடைய குரல் தொண்டைக்குள் இறங்கியது. "உன் வீட்டுல முன்னாடி இருந்தவ அவ. பேய் மாளிகையில வேஷம் போட்டு அலறுறதுதான் வேலை. புருஷன் அடிப்பான். குளியலறையில தள்ளிக் கொக்கியை மாட்டிடுவான். அன்னிக்கு உள்ள கேஸ் கீசர் எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. காத்துக்கு வழியில்ல. அவ கத்தினா. நாங்க..."

"நீங்க?"

"ஒத்திகைன்னு நெனச்சோம்மா. எல்லாரும் கைதட்டினோம். கதவைத் திறந்தப்ப அவ உயிரோட இல்ல."

"போலீஸ்ல சொல்லலையா?"

"காத்துல கதவு அடிச்சுக் கொக்கி தானா விழுந்துடுச்சுன்னு அவன் சொன்னான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நாங்க கைதட்டினதைச் சொல்றது?"

இதை அறிந்த பின் மூத்தவள் என்ன செய்தாள்? சொல்லவே கூசுகிறது: ஒன்றும் செய்யவில்லை. இந்த வாடகைக்கு வேறு வீடு ஏது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். ஓய்வு நாளில் கொக்கியைக் கழற்றலாம் என்றாள். ஓய்வு நாளில் துணி துவைத்தாள். மாலையில் குரல் எழுந்தால் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள்.

"யாருக்கா அது?" என்றாள் தங்கை.

"ஒத்திகைடி. நீ உன் வேலையைப் பாரு."

அந்தப் பொய்யைச் சொன்ன நாவு கசந்தது. கசப்பை விழுங்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு மாலை காற்று பலமாக வீசியது, மின்சாரம் போயிற்று. தொலைவில் ராட்டினங்கள் மட்டும் ஒளிவிட்டுச் சுழன்றன. வேலை முடிந்து வந்த மூத்தவள், உள்ளே வெக்கை தாங்காமல் வாசலுக்கு வந்து நின்ற கட்டடத்தாரோடு தானும் நின்றாள். மேலே ஜன்னல்கள் குழிவிழுந்த கண்களாய் இருண்டிருந்தன.

"கதவைத் திறங்க..."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"அவதான்," என்றார் மீசைக்காரர்.

"அவதான்," என்றாள் மூத்தவளும்.

குரல் உயர்ந்தது. முட்டியது. தேய்ந்தது. அவள் இரு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

பொத்திய கைகளையும் மீறி ஓர் ஓசை வந்தது.

கைதட்டல்.

நிதானமாக. ஒரே ஒரு ஜோடிக் கைகள். ஈரக் கைகள்.

கைதட்டத் தெரிந்த அத்தனை பேரும் கீழே நின்றார்கள். மேலே இருந்தவள் தங்கை ஒருத்திதான். தங்கை கத்தினாள் என்றால், தட்டுவது யார்?

மூத்தவள் இருட்டில் படியேறினாள், விழுந்தாள், எழுந்து ஓடினாள்.

குளியலறைக் கதவு விரியத் திறந்திருந்தது. கேஸ் கீசரின் நீலத் தழல் நடுங்கியது. தங்கை வெளியே சுவரில் சாய்ந்து, இருமி இருமி மூச்சை மீட்டுக்கொண்டிருந்தாள்.

"காத்துல கதவு அடிச்சுக் கொக்கி விழுந்துடுச்சுக்கா. கண்ணெல்லாம் இருட்டிடுச்சு. எவ்வளவு கத்தினேன் தெரியுமா? நல்ல வேளை, நீ வந்து திறந்துட்டே."

மூத்தவளின் கண் கொக்கிக்குப் போயிற்று.

"ஏன்க்கா உன் கை அப்படிச் சில்லுனு இருந்துச்சு?"

கொக்கியின் மீது ஐந்து விரல்களின் தடம். வெள்ளை ஒப்பனைப் பூச்சு, இன்னும் காயாமல்.

"நான் திறக்கலடி," என்றாள் மூத்தவள். தலை நிமிரவில்லை. "கீழ நின்னுக்கிட்டு இருந்தேன். காதைப் பொத்திக்கிட்டு."

பின்னாலேயே ஓடி வந்து நின்ற மீசைக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். செத்தவள் செய்ததை, உயிரோடிருந்த ஒரு கட்டடம் செய்யவில்லை. முதலில் ஒத்திகை என்றார்கள். பிறகு பேய் என்றார்கள். ஒரு கதவைத் திறக்காமலிருக்க மனிதன் எத்தனை சாக்குகளை வைத்திருக்கிறான்!

அன்றே கொக்கியைப் பெயர்த்தெடுத்தார்கள். மறுநாள் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய், கேட்டதையும் கைதட்டியதையும் தலைகுனிந்து சொன்னார்கள். ஆனாலும் அந்தக் குரல் ஓயவில்லை. இப்போது அது எழும்போதெல்லாம் யாராவது ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறார்கள். உள்ளே எவரும் இல்லை. தரையில் ஈரம் மட்டும். அந்த ஈரத்தில், கதவை நோக்கி வந்து நின்ற இரண்டு பாதச் சுவடுகள்.

வாசகர்களே! வீடு தேடும்போது வாடகையை விசாரித்தீர்கள், வழியை விசாரித்தீர்கள், பாதுகாப்பு உண்டா என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டுக்கு நீங்கள் பாதுகாப்பா? இன்று மாலை சுவருக்கு அப்பால் ஒரு குரல் எழுந்தால், அது நடிப்பா நிஜமா என்று ஆராய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எழுங்கள். போய்க் கதவைத் தட்டுங்கள். திறக்கும்வரை தட்டுங்கள்.