முதல் தொட்டிப் பால்

முற்பகல் 11.20. ஆண்டு 1952. தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், காவல் கொட்டகை ஆணியில் தோல்பை தொங்கியது. அதற்குள் இருந்த முப்பது தோட்டாக்களைக் காணவில்லை.

காவல்காரன் மணியம், லோரிக்குக் கேட்டைத் திறக்கப் போய்த் திரும்பிய ஐந்து நிமிடத்தில் நடந்த திருட்டு அது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்கு அவனே கொடுத்தான் என்று முடிவானால் தூக்குதான். அவன் மனைவி செல்லம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

இன்ஸ்பெக்டர் அலெக்சாண்டர் கேட்டை அடைத்துத் தோட்டத்து ஆட்கள் எழுபது பேரையும் சோதித்தார். ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்தில் இருந்த ரப்பர் பால் ஸ்டோருக்குள்ளும் நுழைந்தார். மற்றத் தொட்டிகளில் பால் தண்ணீராக நிற்க, முதல் தொட்டி மட்டும் உறைந்திருந்தது. அதன் விளிம்பில் கை ஊன்றி, என்ன இது என்று கேட்டார். வெயிலில் கெட்டுப்போன பால், வேலிக்கு வெளியே கொட்டப்போகிறேன் என்றான் ஸ்டோர்காரன் தங்கராஜு. அவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

12.15. மணியத்துக்கு விலங்கு மாட்டியாயிற்று.

கூட்டத்தில் பஞ்சாலை நின்றாள். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பதினாறு வயதுப் பெண். இரகசியப் போலீஸின் ஆள் என்பது அலெக்சாண்டருக்கு மட்டுமே தெரியும். அடேயப்பா, அவள் காது! இருபது அடி தள்ளி நிற்பவரின் நெஞ்சுத் துடிப்பு அவளுக்குக் கேட்கும். நூறு வருடம் கழித்துப் பிறந்திருக்க வேண்டியவள் என்று சிங்கப்பூர் டாக்டர்கள் வாயடைத்துப் போனார்கள்.

சோதனையின்போது எல்லார் நெஞ்சும் படபடத்தது. தங்கராஜுவின் நெஞ்சு மட்டும் சீராக அடித்தது. இன்ஸ்பெக்டர் தொட்டியில் கை வைத்தபோதுதான் அது துள்ளியது. ஆனால் காதில் விழுந்ததைக் கோர்ட்டு ஏற்காது. வாயைத் திறந்தால் அவள் யாரென்றும் வெளிப்பட்டுவிடும். மணியத்தை லோரியில் ஏற்றினார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"முதல் தொட்டிய அறுத்துப் பாருங்க சார்."

"கெட்ட பால்லா அது," என்றான் தங்கராஜு.

"தானா கெட்ட பால் திரிதிரியா நிக்கும், புளிச்ச நாத்தம் வரும். இது கட்டித் தயிராட்டம் நிக்குது. எல்லாப் பாலும் வந்து, வடிகட்டி, தண்ணி கலந்த பிறகுதானே உறைய ஆசிட் ஊத்துவீங்க? இன்னும் நிறுவையே முடியல. அதுக்குள்ள இத மட்டும் ஏன் உறைய வச்சீங்க? ஆசிட் சாவி உங்ககிட்டதான் இருக்கு. நான் சொல்றேன், தோட்டா அதுக்குள்ளதான் இருக்கு. கெட்ட பாலுன்னு வேலிக்கு வெளிய போட்டா, காட்டுக்காரங்க வந்து எடுத்துக்குவாங்க."

அறுத்தார்கள். வெள்ளைக் கட்டிக்குள் முப்பதும் இருந்தன.

"அவன்தான்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சிச்சி?" என்று அலெக்சாண்டர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் மறைக்கவில்லை; அவன் நெஞ்சு துள்ளியது காதில் விழுந்ததையும், தான் போலீஸின் ஆள் என்பதையும் சொல்லிவிட்டாள். மணியத்தின் விலங்கைக் கழற்றித் தங்கராஜுவுக்கு மாட்டினார்கள்.

இனி அந்தத் தோட்டத்தில் அவள் இருக்க முடியாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தொழிலாளர் லயத்துச் சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டது. ஆறு மாதமாகப் பக்கத்து வீட்டில் இருந்து, தினமும் அவளை வாடி போடி என்று வைதுகொண்டே சோறு போட்ட செல்லம்மா, கைகூப்பி நின்றாள்.

"போயிட்டு வாங்கம்மா."

பஞ்சாலைக்கு அழுகை வந்துவிட்டது.